குருவியைக் கேட்ட நபியும் குறட்டையைப் பாடிய மகளும்



காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்திருந்த நேரம். ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து, நெய்ச்சோறும் தாளிச்சாவும் நிறைவாக உண்டு, சற்றே கண்ணயர்ந்து எழுந்தோம். தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜ் அருகே சென்றால், அதன் கதவில் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. பதினொரு வயது இளைய மகளின் கையெழுத்து.

வாப்பா முழிச்சா வீடே கப்சிப்,
வாசல் பல்லியும் கப்சிப் கப்சிப்;
வாப்பா தூங்கினா ஊரே முழிக்கும்,
குறட்டைச் சத்தம் கூரையைப் பிரிக்கும்!

படித்ததும் வாய்விட்டுச் சிரித்தோம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் அரபு நாட்டு வெயிலில் காய்ந்து வந்த குடும்பத் தலைவரின் கண்ணியம், முட்டைக்கும் மோருக்கும் காவலாக நிற்கும் கதவில் ஒட்டப்பட்டிருப்பதாகவே அப்போது தோன்றியது. "யார் எழுதியது இது?" என்று குரலை உயர்த்தினோம். கையெழுத்து தெரிந்த பிறகும் இப்படிக் கேட்பது தகப்பன்மார்களின் வழக்கம். கூடத்தில் பேச்சு நின்றது. அடுப்படியில் பாத்திர ஓசை நின்றது. மூத்த மகன் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தான். தலைகீழாகப் பிடித்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது. ஆக, கவிதையின் முதல் இரண்டு அடிகளுக்கு உரையெழுதிக் கொடுத்தவர் நாமேதான்.

அப்போது மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கோபம் கடைசி ரெண்டு வரிக்கா, முதல் ரெண்டு வரிக்கா?"

விடை நம்மிடம் இல்லை. நல்ல வேளையாக அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுவிட்டோம்.

பள்ளிக்குச் செல்லும் சந்தில் நினைவுக்கு வந்தது அபூ உமைரின் செய்தி. அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு சுலைம் (ரலி) அவர்களுக்கும் அபூ தல்ஹா (ரலி) அவர்களுக்கும் பிறந்த சிறுவர் அவர். அவரிடம் சிட்டுக்குருவி போன்ற சின்னஞ்சிறு பறவை ஒன்று இருந்தது. அதை அரபு மொழியில் நுகைர் என்பர். பறவை இறந்துவிட்டது. பிள்ளை வாடிய முகத்தோடு இருந்தார். அந்த வீட்டுக்கு வந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அபூ உமைரே, உன் நுகைர் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது.

நாம் சிறு வயது முதல் கேட்டு வருவதால் ஒரு நுட்பத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். உமைர், நுகைர். இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன. தமிழ் யாப்பில் இதற்கு இயைபு என்று பெயர். சிறுவனின் பெயரோடு அவனுடைய பறவையின் பெயரையும் ஓசை இயைய இணைத்துக் கேட்கப்பட்ட கேள்வி அது. மேலும், அபூ என்றால் தந்தை. பால்மணம் மாறாத பிள்ளைக்குப் பெரியவர்களுக்குரிய அடைமொழி! துக்க விசாரிப்பும் விளையாட்டும் மரியாதையும் ஒரே வரியில் அமைந்துவிட்டன. மதீனாவின் ஆட்சிப் பொறுப்பும் வந்து குவியும் தூதுக்குழுக்களும் வழக்குகளும் இருந்த ஒருவருக்கு ஒரு சிறுவனின் இறந்த குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்திருக்கிறது.

இச்செய்தியைச் சிலர் ஒரு காலத்தில் எள்ளியதும் உண்டு. ஹதீஸ் அறிஞர்கள் பயனற்ற செய்திகளையெல்லாம் அறிவிக்கிறார்கள், குருவிக் கதையால் என்ன பயன் என்று கேட்டார்களாம். நம் கடலோர ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர், ஹிஜ்ரி 335இல் மறைந்த அபுல் அப்பாஸ் இப்னுல் காஸ், அதற்கு மறுமொழியாகத் தனி நூலே எழுதினார். அந்த ஒரு செய்தியிலிருந்து அறுபது பாடங்களை எடுத்துக் காட்டினார். நம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுக்கு அந்த அறுபதில் ஒன்றே போதுமானதாக இருந்தது.

நம் பிள்ளைகளிடம் நாம் கேட்ட கேள்விகளை எண்ணிப் பார்த்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்து நாற்பத்தைந்து நாள் தங்கிய வாப்பா நாம். மற்ற காலமெல்லாம் தொலைபேசியில் வரும் ஒரு குரல். அந்தக் குரல் வாரந்தோறும் மூன்று கேள்விகள் கேட்கும். தொழுதாயா? ஓதினாயா? மார்க் எவ்வளவு? மூன்றும் நல்ல கேள்விகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் மூன்றும் தணிக்கை அதிகாரியின் கேள்விகள். பதில் சரியென்றால் அடுத்த கேள்வி, தவறென்றால் குறிப்பாணை. ஊரோடு வந்து சேர்ந்த பிறகும் அதிகாரி ஓய்வு பெறவில்லை. அலுவலகத்தைத்தான் கூடத்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டார். எந்தப் பிள்ளையின் குருவி எப்போது செத்தது என்று கேட்டதாக நினைவில்லை.

நம் சமுதாயத்தில் பேணுதலையும் கடுகடுப்பையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தாடி நீளும்போது புன்னகை குறைய வேண்டும் என்று எந்தச் சட்டநூலும் சொல்லவில்லை. சிரிக்க வைப்பவனும் அழ வைப்பவனும் தானே என்று அல்லாஹ் அந்நஜ்ம் அத்தியாயத்தின் 43ஆம் வசனத்தில் உரிமை கொண்டாடுகிறான். அழ வைப்பதை மட்டும் நாம் மார்க்கத்தின் கணக்கில் எழுதிக்கொண்டு, சிரிப்பை உலகத்தின் கணக்கில் தள்ளிவிட்டோம். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் நபித்தோழர்கள் அமர்ந்து தங்கள் அறியாமைக் காலத்துச் செயல்களைப் பேசிச் சிரிப்பார்கள், அண்ணலார் (ஸல்) புன்னகைப்பார்கள் என்று ஜாபிர் இப்னு சமுரா (ரலி) அறிவிப்பது முஸ்லிமில் இருக்கிறது. நம் பள்ளியில் ஃபஜ்ருக்குப் பின் நாம் காண்பது, ஃபேனை இரண்டில் வைப்பதா நான்கில் வைப்பதா என்னும் வழக்குதான். அதில் இருதரப்பும் சிரிப்பதில்லை.

இந்த இறுக்கம் இன்று நேற்று வந்ததும் அன்று. அன்ஜஷா என்ற ஒட்டகமோட்டியின் நிகழ்ச்சியைக் கேட்டிருப்பீர்கள். அவர் குரலெடுத்துப் பாடினால் ஒட்டகங்கள் விரையும். ஒரு பயணத்தில் அவற்றின் மீது பெண்கள் அமர்ந்திருந்தார்கள். மேலே சொன்ன உம்மு சுலைமும் அவர்களுள் ஒருவர். அண்ணலார் (ஸல்), அன்ஜஷாவே மெதுவாக, கண்ணாடிக் குடுவைகள் இருக்கின்றன என்னும் கருத்துப்படச் சொன்னார்கள். பெண்களைக் கண்ணாடிக் குடுவைகள் என்ற உவமையின் மென்மையைப் பாருங்கள். இதை அறிவித்த அபூ கிலாபா என்ற பெரியவர் கூடவே ஒரு குறிப்பும் சேர்த்தார். இதே சொல்லை உங்களில் ஒருவர் சொல்லியிருந்தால் நீங்கள் குறை பிடித்திருப்பீர்கள் என்றார். அவர் காலத்திலேயே முகத்தை இறுக்கிக்கொண்டு அமர்ந்திருந்த கூட்டம் ஒன்று இருந்திருக்கிறது போலும்.

இப்படியெல்லாம் எழுதுவதால், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிச் சிரிக்க நாம் சான்றிதழ் வழங்குகிறோம் என்று கொள்ள வேண்டா. சிரிப்புக்கு வரம்பு உண்டு. அந்த வரம்பை மீறி நாமே ஒரு முறை அகப்பட்டுக்கொண்டோம், அதையும் சொல்லிவிடுகிறோம்.

பக்கத்துத் தெருவில் ஒரு நிக்காஹ் விருந்து. நால்வராக ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்திருந்தோம். பேச்சு வீட்டுச் சமையல் பக்கம் திரும்பிற்று. மற்றவர்களைச் சிரிக்க வைக்கும் ஆவலில், "எங்கள் வீட்டு இடியாப்பத்தை வைத்து மீன் வலை பின்னலாம், அறுபடாது" என்று சொல்லிவிட்டோம். சஹனே குலுங்கிற்று. சஹனில் சொன்ன சொல் சஹனில் நிற்குமா? ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கத்துக்குப் போக அதற்கு அரைமணி நேரம் கூட ஆகவில்லை. மறுநாள் காலைப் பசியாற அமர்ந்தபோது, மனைவி இடியாப்பத் தட்டை முன்னால் வைத்து, "வலை வந்துடுச்சு. மீனை நீங்கதான் புடிச்சுக்கணும்" என்றாள். ஆணம் வைக்கவில்லை. அதன் பிறகு மூன்று மாதங்கள் நம் வீட்டில் இடியாப்பம் அவிக்கப்படவில்லை.

உண்மை என்னவென்றால், அவள் அவிக்கும் இடியாப்பம் பஞ்சு. தேங்காய்ப் பால் பட்டாலே கரையும். கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடுதான் என்று கடுமையாக எச்சரிக்கும் நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. அதை நாமே பிறருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறோம், பூப்படத்தோடு. பொய்யும் நமது, பரிகாசமும் நமது. அடுப்புப் புகையை விழுங்கியவள் அவள். ஒருவரை ஒருவர் பரிகசிக்காதீர்கள் என்று தடுக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனத்துக்கு வீட்டு மனைவி விலக்கு என்று நமக்கு யாரும் ஓதித் தரவில்லை. ஆனால் குடும்பக் குழுமங்களில் வரும் துணுக்குகளை எண்ணிப் பாருங்கள். பாதிக்குப் பாதி மனைவியைப் பற்றியவை. அவற்றுக்குக் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை முகங்களை அனுப்புகிறவர்கள் எல்லாரும் கணவன்மார்கள்.

அண்ணலாரின் நகைச்சுவை வேறு மாதிரியானது. ஏறிச் செல்ல ஒட்டகம் கேட்ட ஒருவரிடம், உமக்கு ஒட்டகத்தின் குட்டியைத் தருகிறேன் என்றார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்ய என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகம்தான் இன்னோர் ஒட்டகத்தின் குட்டி இல்லை என்று கேட்டார்கள். இதில் ஒரு பொய்யும் இல்லை. கேட்டவர் ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம் அவருக்கு ஒட்டகம் கிடைத்தது. ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும் இப்படித்தான். முதல் முறை அவர் வென்றார். ஆண்டுகள் கழித்து அவர் உடல் சற்றுப் பருத்திருந்தபோது அண்ணலார் வென்றார்கள். அன்றைக்கு இது ஈடு என்று சொல்லிச் சிரித்தார்கள். மனைவியோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. நாம் சஹனில் சிரித்தது மனைவியை வைத்து. இந்த ஓர் உருபு வேறுபாட்டைக் கற்க நமக்கு மூன்று மாத இடியாப்பம் செலவாயிற்று.

பிள்ளைகள் இப்போது எடுக்கும் பிராங்க் வீடியோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் பொருளை விளையாட்டாக எடுக்கப்போய் அவர் திடுக்கிட்டு விழித்தபோது, ஒரு முஸ்லிமை இன்னொரு முஸ்லிம் திகிலூட்டுவது ஆகுமானது அன்று என்று அண்ணலார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். அபூதாவூதில் இருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்து, கவிதை. மார்க்கமுள்ள வீட்டில் பாட்டென்ன, பாவென்ன என்று கேட்பவர்கள் அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் 224ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஓசையும் ஒழுக்கமும் தறிகெட்ட கவிஞர்களைப் பற்றியது அது. 227ஆம் வசனம் இறைநம்பிக்கையும் நற்செயலும் உடையவர்களுக்கு விலக்களிப்பதை ஓதுவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது போலும். ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துக் கொடுக்கப்பட்டது. அகழ் தோண்டும்போது அண்ணலார் (ஸல்) மண் சுமந்தபடி இப்னு ரவாஹாவின் அடிகளைச் சொல்லி, முடிவில் குரலை உயர்த்துவார்கள் என்கிறது புகாரி. மேலெல்லாம் மண் அப்பியிருக்க, பசியோடு, பகைவர் வருகையை எதிர்பார்த்திருந்த நேரம் அது.

தமிழிலும் நம் முன்னோர் கவிதையை வீட்டுப் பண்டமாகவே வைத்திருந்தார்கள். முழுமையாகக் கிடைக்கும் முஸ்லிம் தமிழ் நூல்களுள் பழையதாகக் கொள்ளப்படும் ஆயிர மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது. அந்நூல் முழுவதும் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் தொடுத்த கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும்தாம். கேட்பதற்கு அஞ்சாத ஒருவரும் கேட்கவிடும் ஒருவரும் எதிரெதிரே அமர்ந்த நூல். நமது மூன்று தணிக்கைக் கேள்விகளை அதனருகில் வைத்துப் பார்க்க நாணமாகத்தான் இருக்கிறது.

கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரை எடுத்துக்கொள்வோம். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு பேர் நூறு வகையில் கவனத்தைச் சிதறடிக்க, அத்தனைக்கும் விடையளித்துச் சதாவதானி எனப் பெயர் பெற்றவர். அவருக்கு ஈற்றடி கொடுத்து மடக்கப் பார்த்த ஒருவரைப் பற்றிய செய்தி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. முஸ்லிமைக் குறிக்கும் 'துருக்கன்' என்ற சொல்லை வைத்து, அவனுக்கு இராமனே துணை என்று முடியும்படி ஈற்றடி. பாவலர் கொதிக்கவில்லை. முந்தைய அடியின் இறுதியில் 'சத்' என்று ஓர் அசையைக் கொண்டுவந்து நிறுத்தினார். துருக்கன் சத்துருக்கன் ஆனான். தம்பிக்கு அண்ணன் துணை என்பதில் யாருக்கு என்ன மறுப்பு? கேட்டவரும் சிரித்தாராம். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு சீண்டலுக்கு நாற்பது வரி வசைபாடி, ஐந்து பேருக்கு முன்னனுப்பி, இரவெல்லாம் உறக்கம் கெடும் நமக்குப் பாவலரின் அந்த ஓரசையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது!

அஸர் தொழுது வீடு திரும்பினோம். தாள் கதவில் இல்லை, பயந்துபோய்க் கிழித்திருக்கிறாள். நாமே ஒரு தாள் எடுத்து அவளுடைய நான்கடியையும் நினைவிலிருந்து எழுதினோம் (மறக்கும்படியாகவா எழுதியிருந்தாள்?). அதன் கீழே நம் மறுமொழியையும் சேர்த்து ஒட்டினோம்.

குறட்டை வாப்பா கூறுவ தென்ன?
குற்றம் ஒப்பினேன், கூச்சம் என்ன?
முழிச்ச வாப்பா சிரிச்சா போதும்,
பல்லிக்கு இனிமேல் பேச்சும் ஆகும்!

யாப்பு தெரிந்தவர்கள் பொறுத்தருள்க. இரவு உணவின்போது மகள் அதைப் படித்துவிட்டு, கடைசி அடி சரியாக விழவில்லை என்றாள். உண்மைதான். அன்று முதல் அந்தக் கதவு எங்கள் வீட்டு மன்றமாகிவிட்டது. மனைவி இடியாப்பத்தைப் பற்றி எழுதிய இரண்டடி மூன்று நாள் தொங்கிற்று. அதை இங்கே எடுத்துரைக்க அனுமதி கிடைக்கவில்லை. சஹனில் சொன்ன பொய்யை, அதே நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, அதே இடியாப்பத்தைப் பரிமாறி, பொய் என்று ஒப்புக்கொண்டோம். தேங்காய்ப் பாலோடு ஒருவர் பதினான்கு உண்டார். எண்ணியது மனைவி, நாமல்ல.

மூத்த மகன் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. பத்தாம் வகுப்பு. அவன் எஞ்சினியர் என்பதை அவன் பிறந்த ஆண்டே அரபு நாட்டு அறையொன்றில் படுத்துக்கொண்டு நாம் முடிவு செய்திருந்தோம். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் இஷா முடிந்து வந்தபோது, மகளின் எட்டடிப் பூனைப் பாட்டுக்குக் கீழே, ஓரமாக, சின்ன எழுத்தில் இருந்தது.

கணக்கும் நானும் சேரவில்லை,
காலாண்டுத் தேர்வில் தேறவில்லை;
அடுத்த வருசம் காமர்ஸ் ஆசை,
கேட்டுட்டு, வாப்பா, குறைங்க ஓசை!

மதிப்பெண் அட்டையில் அவன் உம்மா கையெழுத்திட்டிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமையன்று அடுப்படியிலிருந்து வந்த கேள்வியின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தோல்வியை இருவரும் சுமந்திருக்கிறார்கள், நம் முகத்துக்கு அஞ்சி. குருவி செத்து ஒரு மாதம் ஆகியும் கேட்காத வாப்பா.

அன்றிரவு வீட்டில் குறட்டைச் சத்தம் கேட்கவே இல்லை என்று மகள் சாட்சி சொல்கிறாள்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அவனை அழைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கத் தேநீர்க் கடைக்கு நடந்தோம். கணக்கைப் பற்றி முதலில் பேசவில்லை. தேநீரும் வடையும் வந்தன. பிறகு அவனே தொடங்கினான், நெடுநேரம் பேசினான். காமர்ஸ் பற்றி இன்னும் முடிவாகவில்லை. அவன் சொல்லும் காரணங்களில் இரண்டு வலுவானவை, ஒன்று நண்பனுக்காக. அரையாண்டுத் தேர்வுக்குள் கணக்கில் தேறப் பக்கத்துத் தெரு ஆசிரியர் ஒருவரிடம் சேர்த்திருக்கிறோம். துஆ செய்யுங்கள்.

திரும்பி வரும் வழியில் அவன் ஒரு சிரிப்புச் சொன்னான். நம் குறட்டையும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் அதில் வருகின்றன. இங்கே எழுதத் தக்கதன்று.